காவிரிப் படுகை மாணவருக்கு உயிரியலும் சூழல் அறிவியலும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு: முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு முறை சேர்ந்து, இளங்கலை, முதுகலை இரண்டையும் ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டில் முடித்துக்கொண்டு வெளிவரும் ஏற்பாட்டைத்தான் ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு என்று வழங்குகிறோம். நடுவில் மறுபடி விண்ணப்பம் போடுவதும், நுழைவுத் தேர்வு எழுதுவதும், டி.சி. வாங்கிக்கொண்டு இன்னொரு கல்லூரிக்கு அலைவதும் இதில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களிலும், கடலூரின் தென்பகுதியிலும், காரைக்காலிலும் இருந்துகொண்டு, உயிரியலும் சூழல் அறிவியலும் கலந்த துறையில் இப்படிப் படிக்க விரும்பும் மாணவரும், அவரைப் படிக்கவைக்கப்போகும் பெற்றோரும் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பிறகு பார்க்கலாம் என்பதை வரிசையாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இவ்விரண்டு பாடங்களும் ஏன் சேர்ந்தே படிக்கப்பட வேண்டும் என்பதற்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடே போதுமான சான்று. முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்த இடங்களில் வெயில் நேராக விழுந்து, சேற்றின் ஈரம் வற்றி, நிலம் குழிந்தது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும்போது உள்ளே வந்த நீர், வற்றும்போது திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அந்த உப்பில் அலையாத்தி மீண்டும் தலையெடுக்கவில்லை. கன்றுகளை நட்டுக்கொண்டே இருப்பதால் தீரக்கூடிய சிக்கல் அன்று இது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓத நீர் வந்துபோக வழி செய்த பிறகே பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நட்டவை பிடித்தன. செடியை மட்டும் அறிந்தவருக்கு நீரோட்டம் பிடிபடாது. நீரின் வேதியியலை மட்டும் அறிந்தவருக்கு எந்தச் செடி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பது தெரியாது.

முதல் படி: எந்த வகைப் படிப்பு என்று பிரித்தறிதல்

"ஃபைவ் இயர் இன்டக்ரேட்டட்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னாலும், நடைமுறையில் இது ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளாக இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் வழங்கும் ஐந்தாண்டு எம்.எஸ்சி. ஒரு வகை. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்கள் வழங்கும் பி.எஸ்.–எம்.எஸ். இரட்டைப் பட்டம் இன்னொரு வகை; முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லா அறிவியல்களையும் படித்துவிட்டு, அதன் பிறகே ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு அது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த நான்காண்டு ஆனர்ஸ் படிப்பும், அதன் மேல் ஓராண்டு முதுகலையும் மூன்றாவது வகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டமைப்பின்படி படிப்பின் அளவைக் குறிக்கும் அலகான கிரெடிட், மூன்றாண்டு இளங்கலைக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 கிரெடிட் என்பது கணக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு ஆராய்ச்சி இளங்கலை முடித்தவர் விரும்பினால் ஐந்தாம் ஆண்டில் முதுகலையையும் பெறும் வழி இருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் "நான்கு கூட்டல் ஒன்று" முறை இதற்கு நெருங்கியதுதான், ஆனால் அதன் கணக்கு வேறு. அங்கே இளங்கலைக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட், முதுகலைக்கு ஏறக்குறைய 30 கிரெடிட்; மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்து இடம் பெற்ற மாணவர், நான்காம் ஆண்டில் படிக்கும் முதுகலைப் பாடங்களில் சுமார் 9 முதல் 12 கிரெடிட் வரை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆண்டு மிச்சமாவது இந்த இரட்டைக் கணக்கினால்தான். நம் ஐந்தாண்டுப் படிப்பில் அப்படி மிச்சமாவது எதுவும் இல்லை. மூன்றும் இரண்டும் ஐந்து என்பது ஐந்தாகவே இருக்கும். எனவே "ஒரு வருடம் மிச்சம்" என்று யாரேனும் சேர்க்கை நேரத்தில் சொன்னால், எந்த ஆண்டு, எப்படி மிச்சம் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

2022இல் மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதித்தது வேறு விஷயம். ஒன்றை நேரடி வகுப்பிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிப்பது போன்ற ஏற்பாடு அது. அதற்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கும் தொடர்பில்லை.

இரண்டாம் படி: பட்டத்தின் பெயரைப் பார்த்தல்

பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். சூழல் அறிவியல் ஒப்பீட்டளவில் புதிய பெயர். அரசின் பல பட்டியல்கள் அந்தப் பெயருக்கு முந்தையவை.

இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். மரத்தையும் விலங்கையும் காப்பாற்றும் பணி என்பதால் சூழல் அறிவியல் படித்தவருக்குத்தான் முதலிடம் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் அதன் தகுதிப் பட்டியலில் கால்நடை பராமரிப்பு மற்றும் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட இளங்கலைப் பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் என்றே இருக்கிறது. சூழல் அறிவியல் என்ற பெயர் அங்கே இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கான பாடப் பட்டியலும் அப்படித்தான்: உயிரியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், வளிமண்டல அறிவியல், கடல் அறிவியல் எல்லாம் உண்டு; சூழல் அறிவியல் தனிப் பெயராக இல்லை. அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு வரும்போது விலங்கியல் பணியிடத்துக்கு விலங்கியல் பட்டமோ, அதற்கு இணையானது என்று அரசாணையில் ஏற்கப்பட்ட பட்டமோ தேவைப்படும். "உயிர் அறிவியல்" என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு இணைத்தன்மை ஆணைக்காக அலையும் பட்டதாரிகளை நம் பக்கத்தில் காணலாம்.

இதனால் சூழல் அறிவியல் என்ற பெயருள்ள பட்டம் பயனற்றது என்று பொருளல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூழல் விஞ்ஞானி பணியிடம், சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், தொழிற்சாலை ஆய்வகங்கள் ஆகியவை அந்தப் பட்டத்தை நேராக ஏற்பவை. இருந்தாலும் என் கருத்து இது: எதிர்காலம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தீர்மானமாகாத பதினேழு வயதில், இளங்கலைப் பெயரில் தாவரவியல், விலங்கியல் போன்ற பழைய பெயர் ஒன்று இருப்பதும், முதுகலையிலும் ஆய்வேட்டிலும் சூழல் அறிவியல் பக்கம் சாய்வதுமே பாதுகாப்பான சேர்க்கை. தலைகீழாகப் படித்தால் சில கதவுகள் திறக்காது.

மூன்றாம் படி: எங்கே படிப்பது

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கப்பட்டது. அறிவியல் பாடங்கள் பலவற்றில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையை நெடுங்காலமாக நடத்திவருகிறது. அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. கழிமுகத்தையும் அலையாத்தியையும் படிக்க விரும்புபவருக்கு ஆய்வகத்தின் வாசலிலேயே ஆறும் கடலும் சேரும் இடம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. பிச்சாவரமும் பக்கம்தான்.

திருச்சியில் 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியலில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. சூழல் மேலாண்மை, சூழல் உயிரித் தொழில்நுட்பம், கடல் அறிவியல் ஆகியவற்றுக்கெனத் தனித் துறைகள் அதே வளாகத்தில் இருப்பதால், கடைசி ஆண்டில் ஆய்வு வழிகாட்டியைத் தேடுவது எளிது. திருவாரூர் நீலக்குடியில் 2009இல் அமைந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் சார்ந்த முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. அதில் சேர்வதற்கு சி.யூ.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் விலங்கியலோடு வன உயிரியலில் முதுகலையும் இருக்கிறது. நாடெங்கிலும் வன உயிர் ஆய்வில் இருப்பவர்களுக்கு அந்தக் கல்லூரியின் பெயர் தெரியும். அங்கேயோ, கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளிலோ மூன்றாண்டு விலங்கியல் அல்லது தாவரவியல் படித்துவிட்டு, பிறகு இரண்டாண்டு முதுகலைக்கு வேறு இடம் செல்வது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைவிடத் தாழ்ந்த வழி என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரலாம், கட்டணம் குறைவு, மூன்றாண்டு முடிவில் மாணவருக்கே தன் விருப்பம் என்ன என்பது தெளிவாகியிருக்கும். இந்த வழியில் போகிறவர் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே சி.யூ.இ.டி. முதுகலைத் தேர்வுக்குத் தயாராகத் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

தொலைவில் செல்லத் தயங்காதவருக்கு ஐசர்கள் இருக்கின்றன. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு. நம் பக்கத்திலிருந்து திருப்பதியும் திருவனந்தபுரமும் ஓரிரவு ரயில் பயணம். புவனேசுவரத்தின் தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமான நைசர், மும்பையின் அடிப்படை அறிவியல் மையம் ஆகிய இரண்டிலும் நெஸ்ட் தேர்வின் மூலம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையில் சேரலாம்.

நான்காம் படி: ப்ளஸ் டூ குரூப்பும் நுழைவுத் தேர்வும்

ஐசர் தகுதித் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 வீதம் மொத்தம் 60 கேள்விகள். மூன்று மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆக மொத்தம் 240. நான்கு பாடங்களிலும் கேள்வி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளில் "பியூர் சயின்ஸ்" குரூப் எடுத்த மாணவருக்குக் கணிதம் இல்லை. "பயோ மேத்ஸ்" எடுத்தவருக்கு நான்கும் உண்டு. கணிதம் படிக்காதவரும் இந்தத் தேர்வை எழுதலாம் என்றாலும், கணிதப் பகுதி முழுவதையும் விட்டுவிட்டால் மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு கைவிட்டுப் போகிறது. சேர்ந்த பிறகும் முதல் ஆண்டில் கணிதம் வரும். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்து குரூப் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இந்தப் பக்கத்தை யாரேனும் படித்தால், உயிரியல் விருப்பத்தோடு கணிதத்தையும் வைத்துக்கொள்வதே நல்லது.

நீட் தேர்வுக்கு ஒரு முழு ஆண்டு படித்து, மருத்துவ இடம் கிடைக்காமல் என்ன செய்வதென்று நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் படித்த உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் இங்கே அப்படியே பயன்படும். குறைவது கணிதம் மட்டுமே. ஆனால் சில தேர்வுகள் ப்ளஸ் டூ முடித்த ஆண்டுக்கு வரம்பு வைக்கின்றன. நீட்டுக்காக இரண்டாம் முறையும் ஓராண்டு வீட்டில் இருக்க முடிவெடுக்கும் முன், அந்த ஆண்டு கழிந்தால் இந்தக் கதவு மூடுமா என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரிகளுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணே முக்கியம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் அங்கே நிற்கும் கூட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவத்தில், நடப்பு நிதியாண்டுத் தேதியோடு இருக்க வேண்டும், மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஐந்தாம் படி: பணம்

இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. இதில் 60,000 மாணவர் கைக்கு, 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. தம் கல்வி வாரியத்தின் ப்ளஸ் டூ தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, பட்டியலில் உள்ள அடிப்படை அறிவியல் பாடம் ஒன்றில் சேர்ந்தவர் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் படியில் சொன்ன பெயர்ச் சிக்கல் பணமாக மாறுவது இங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஐந்தாண்டுப் படிப்பில் எத்தனை ஆண்டுக்குத் தொகை வரும் என்பதைச் சேரும் நாளிலேயே கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் கேட்டு, அதற்கேற்ப வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்வது நலம்.

ஆறாம் படி: சேருமுன் கேட்க வேண்டியவை

மூன்றாண்டு முடித்து விலக நேர்ந்தால் பி.எஸ்சி. பட்டம் கிடைக்குமா, அதில் எந்தப் பாடப் பெயர் இருக்கும் என்பது முதல் கேள்வி. குடும்பச் சூழல், உடல்நலம், திருமணம், வேலை என்று விலகக் காரணங்கள் பல. இளங்கலைப் பட்டம் தனியாகக் கிடைக்காத படிப்பில் மூன்றாண்டு உழைப்பு கைக்கு வராமல் போகும். ஐந்தாண்டு முடித்தவருக்கு இளங்கலைச் சான்றிதழும் முதுகலைச் சான்றிதழும் தனித்தனியாகத் தரப்படுமா, ஒன்றே தரப்படுமா என்பது இரண்டாவது. ஒன்றே என்றால், இளங்கலைத் தகுதி கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் எதை நிரப்புவது என்று பல்கலைக்கழகமே எழுத்தில் சொல்லித் தர வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் கேட்பதே இல்லை: கடைசி ஆண்டு ஆய்வேடு ஒரு பருவமா (செமஸ்டர்), இரண்டு பருவமா? இதற்கான விடையைக் கொண்டே அந்தப் படிப்பின் தரத்தைப் பாதி எடைபோட்டுவிடலாம். முன்னாள் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை நூலகத்தில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அதில் அவரே எடுத்த அளவீடுகள் இருக்கின்றனவா, இல்லை பிறர் நூல்களிலிருந்து தொகுத்த பக்கங்கள்தான் இருக்கின்றனவா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: முதல் நான்கு ஆண்டுகளைப் பயன்படுத்துதல்

தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு முதல் இரண்டு பருவங்கள் கடினமாக இருக்கும். பாடம் புரியாததால் அல்ல, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால். களக் குறிப்பேட்டைத் தமிழிலேயே எழுதலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை. மடை, கன்னி வாய்க்கால், உவர், நாற்றங்கால் என்று இந்த மண்ணுக்குள்ள சொற்களில் குறித்தால் பார்த்தது பார்த்தபடி பதிவாகும். பிறகு அறிக்கை எழுதும்போது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டுக்குள் புள்ளியியலைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். உயிரியல் மாணவர்கள் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஐந்தாம் ஆண்டில் யாரிடமோ பணம் கொடுத்துக் கணக்குப் போட்டு வாங்குவது பரவலாக நடக்கிறது. ஆர் என்னும் கணினி மொழியும், கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளும் இலவசம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்து வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பகுதிகளில் பசுமை எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்ப்பது, மூன்றாம் ஆண்டு மாணவரால் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடிய நல்ல பயிற்சி.

விடுமுறைகளில் வெளியே சென்று பழகுவதும் அவசியம். கோடிக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பதிற்றாண்டுகளாக நடத்திவருகிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும், தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் சென்று கேட்பதே வழி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை.

எட்டாம் படி: ஆய்வேடு

ஐந்தாண்டுப் படிப்பின் உண்மையான இலாபம் ஆய்வேட்டில்தான் இருக்கிறது. இரண்டாண்டு முதுகலையில் சேர்பவர் புதிய இடத்தையும் ஆசிரியர்களையும் அறிந்துகொள்வதற்குள் ஓராண்டு ஓடிவிடும். ஐந்தாண்டு மாணவரோ மூன்றாம் ஆண்டிலேயே ஒரு குளத்தையோ, வாய்க்காலையோ, வயலையோ தேர்ந்தெடுத்துக் கவனிக்கத் தொடங்கிவிடலாம்.

காவிரிப் படுகையில் ஆய்வின் காலத்தைப் பருவத் தேர்வு அட்டவணை தீர்மானிப்பதில்லை. ஆற்று நீரும் மழையுமே தீர்மானிக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. குறுவை, சம்பா, தாளடி என்று நடவு அதையொட்டி நகரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை; வலசைப் பறவைகள் வருவதும் அதை ஒட்டியே. இப்படியிருக்க, பத்தாம் பருவம் தொடங்கும் டிசம்பரிலோ ஜனவரியிலோ ஆய்வைத் தொடங்குபவர் வடுவூர் ஏரியில் பறவைகள் வந்து சேர்வதைப் பார்க்கவே முடியாது. கிளம்புவதை மட்டுமே பார்ப்பார். பறவை, மழை, சம்பா நெல் தொடர்பான எந்தத் தலைப்பானாலும் ஒன்பதாம் பருவத்தின் முதல் மாதத்திலேயே களத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் அனுமதி. கோடிக்கரை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற சரணாலயங்களுக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. இந்தக் கோப்பு நகர மாதங்கள் ஆகும் என்பதால் எட்டாம் பருவத்திலேயே விண்ணப்பிப்பது முறை. அனுமதி தாமதமானால் ஆய்வு நின்றுவிடாதபடி, சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள வயலையோ ஏரியையோ மாற்றுக் களமாக வைத்துக்கொள்ளலாம்.

தலைப்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை. நாகை, வேதாரண்யக் கரையோரங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது ஒன்று. மண்ணை நீரில் ஊறவைத்துப் பிரித்த சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண். நெல்லுக்கோ 3 அளவிலேயே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பாசன நூல்களில் உள்ள கணக்கு. கடலிலிருந்து உள்நோக்கி வெவ்வேறு தொலைவில் ஒரே மாதத்தில் மண் எடுத்து அளந்தாலே ஓர் ஆய்வேடு உருவாகும். இறால் பண்ணைகளைச் சுற்றிய நிலம் மற்றொன்று. அந்தப் பண்ணைகள் குறித்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தையும் படித்துவிட்டே அதில் இறங்க வேண்டும்.

நெல் வயலின் மீத்தேன் உயிரியலும் சூழல் அறிவியலும் நேராகச் சந்திக்கும் தலைப்பு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயலில் நீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று செல்வதில்லை; இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்த பிறகு, அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் பெரும்பங்கு நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நம் உழவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொல்லும் நீர் மேலாண்மையில், இடையிடையே வயல் காயும்போது மண்ணுக்குள் காற்று புகுந்து அந்த நுண்ணுயிர்களின் வேலை தடைப்படுகிறது.

அளப்பதற்கு அக்ரிலிக் பெட்டி ஒன்றைச் சில குத்து நெற்பயிரின் மேல் கவிழ்க்க வேண்டும். முன்னமே மண்ணில் பதித்து வைத்த அடிச்சட்டத்தின் பள்ளத்தில் நீர் ஊற்றி, பெட்டியின் விளிம்பை அதில் அமர்த்தினால் காற்று கசியாது. கவிழ்த்தவுடனும், பிறகு பத்து, இருபது, முப்பது நிமிடங்களிலும் ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை எடுத்து, மூடிய குப்பியில் அடைத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான வாயு நிறப்பகுப்பியில் அளக்க வேண்டும். புதியவர் செய்யும் பிழை நிற்கும் இடத்தில் இருக்கிறது: சேற்றில் கால் வைத்ததும் அடியில் தேங்கிய குமிழிகள் பொங்கிப் பெட்டிக்குள் ஏறி, முதல் அளவே தாறுமாறாகிவிடும். அதனால் நடவின்போதே வரப்பிலிருந்து சட்டம் வரைக்கும் ஒரு பலகையைத் தாங்கு கட்டைகளின் மேல் போட்டு வைத்து, அதன் மேல் நின்றுதான் காற்றெடுக்க வேண்டும். வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, எந்த நாளில் மடை திறந்தார், எந்த நாளில் அடைத்தார், எப்போது யூரியா போட்டார் என்பதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பெட்டியில் கிடைத்த எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது.

ஒன்பதாம் படி: முடித்த பிறகு

ஆராய்ச்சிக்குச் செல்பவருக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு உண்டு. உயிர் அறிவியல் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு, அதன் பதின்மூன்று அலகுகளில் ஒன்று முழுவதும் சூழலியல். சூழல் அறிவியல் என்றால் யு.ஜி.சி. நெட்டில் தனிப் பாடம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும், சூழல் அறிவியலும் பொறியியலும் என இரண்டு தாள்கள் இருக்கின்றன. புள்ளியியலில் தேர்ந்த உயிரியல் மாணவருக்கு முன்னது ஏற்றது. நீர், காற்று, கழிவு மேலாண்மைப் பக்கம் இருப்பவருக்குப் பின்னது.

வேலைக்குச் செல்பவருக்குத் தொடக்கம் பெரும்பாலும் திட்டப் பணியாளர் இடமாகவே இருக்கும். ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்குச் சூழலியல் மற்றும் உயிர்ப் பன்மையத்துக்கென வல்லுநர் தேவைப்படுகிறார்; செடியையும் பறவையையும் களத்திலேயே பெயர் சொல்லி அடையாளம் காட்டுபவர் அங்கே அரிது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து பணியாற்றுகிறார்கள். அதற்கான அறிவிப்பு எப்போதும் வருவதில்லை என்பதால் வனத்துறை, அண்ணா பல்கலைக்கழகத் தளங்களை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். அரசுப் பணி எதற்கும் விண்ணப்பிக்கும் முன், அறிவிக்கையின் கல்வித் தகுதிப் பகுதியில் உங்கள் சான்றிதழில் உள்ள அதே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இணைத்தன்மை அரசாணையின் எண்ணையும் நாளையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கி, நகலை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.